குறுக்கே விழுதல்

மதகுக்காவலன் கையை ஓங்கிவிட்டான் என்று கணபதி அண்ணா அட்டைத் தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டிச் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் கையையும் ஓங்கிக் காட்டினார், அதில் பாதி கடித்த வர்க்கி இருந்தது. கை இறங்கப்போவது ஷர்மிளாவின் வேம்பி மேல்தான், வேம்பிக்கு மிச்சமிருக்கிற உயிர் ஒரு தும்மலைக்கூடத் தாங்காது, ஆனால் அது இறங்குவதற்கு முன்னால் நௌஃபலின் முறை இருக்கிறது, அதற்கப்புறம் சிந்துவின் முறை இருக்கிறது, "ரெண்டு பேரும் நல்லா யோசிச்சு ஆடுங்க, நான் ஒண்ணும் அவசரப்படுத்தல," என்றார். சிந்துஜா தலையாட்டினாள். தலையாட்டியதை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் நௌஃபலைப் பார்த்தார்கள், அவன் முறை என்றால் எப்போதும் அப்படித்தான். அவன் முதலில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவான், பிறகு சட்டைக் கையை மடிப்பான், ஏற்கெனவே மடித்திருந்தால் இறக்கிவிட்டு மறுபடி மடிப்பான். அதற்கே கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்கத் தனக்குக் கிடைத்தது என்று சிந்துஜா நினைத்தாள், பிறகு எதற்குக் கிடைத்தது என்று யோசித்தாள். நௌஃபல் முடித்தால் அவள். அவள் முடித்தால் கை.

கீழே கணபதி அண்ணாவின் அப்பா நடத்தும் கிரைண்டர் கடை, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டர் இறக்கியிருக்கும். மேலே சரக்கு வைக்கிற இந்த அறையில் கிரைண்டர் பெட்டிகளை இரண்டு வரிசையாக அடுக்கி அதன்மேல் பழைய கதவு ஒன்றைப் படுக்கவைத்ததுதான் மேசை. ஆடுவது பேசியே ஆடுகிற ஆட்டம். கணபதி அண்ணா கதையை நடத்துவார், மதகுக்காவலன் மாதிரிப் பூதங்களும் அவர் பொறுப்பு, மற்ற மூன்று பேரும் கதைக்குள் ஆளுக்கொருவராக இருப்பார்கள், வேம்பி ஷர்மிளாவின் ஆள், தன்னுடைய ஆள் என்ன செய்கிறது என்பதை அவரவர் வாயால் சொல்ல வேண்டும், சொன்னது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஷர்மி அவளை முதன்முதல் இங்கே கூட்டிவந்தபோது, "இவ பேசமாட்டாண்ணா, ஆனா எல்லாத்தையும் பாத்துட்டே இருப்பா," என்றுதான் அறிமுகப்படுத்தினாள். சிந்துஜா சிரித்தாள், ஏனென்றால் அது உண்மை, உண்மையை வேறு யாராவது சொல்லிவிட்டால் தான் சொல்ல வேண்டியதில்லை என்கிற நிம்மதி அதில் இருந்தது. ஆட்டத்தின் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். வைத்தியம் பார்க்கிறவள் ஊர்க்காரர்களிடம் பேச வேண்டும், மந்திரக்காரன் மந்திரம் சொல்ல வேண்டும், வாள்காரன் சவால் விட வேண்டும், வெறுங்கையால் சண்டை போடுகிற ஒரு வகை மட்டும் ஒன்றும் பேசாமல் அடித்தால் போதும் என்று இருந்தது. புத்தகத்தில் அதற்கு மாங்க் என்று பெயர். ஷர்மி அதைத் துறவி என்று தமிழாக்கினாள். "ஆளைத் தூக்கிப் போட்டு மிதிக்கற துறவி எந்த மடத்துல இருக்காருன்னு சொல்லு, நானும் போய்ச் சேந்துக்கறேன்," என்றான் நௌஃபல். அதிலிருந்து அடிமுறைக்காரி. அந்த அடிமுறைக்காரிக்கு சிந்துஜா வைத்த பெயர் நாகு.

நாகு கதவைத் தட்டமாட்டாள், உதைப்பாள். நாகுவை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. வாரத்தில் ஆறு நாள் சிந்துஜா பஞ்சாலைகளுக்கு நூல் பரிசோதித்துத் தருகிற ஒரு கூடத்தில் வேலை பார்த்தாள், நூலை இரண்டு முனையிலும் கவ்விப் பிடித்து அறும்வரை இழுக்கிற இயந்திரம் அவளுடையது, கவ்வ வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும், நூல் மெல்ல விறைக்கும், விறைத்துக்கொண்டே இருக்கும், பிறகு சத்தமே இல்லாமல் இரண்டாக இருக்கும். எந்த இடத்தில் அறும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க அவள் ஒரு காலத்தில் உற்றுப் பார்ப்பாள். முடியாது. அறுந்த பிறகுதான் அது மெலிந்த இடம் என்று தெரியும். நாகுவின் விதிகளும் அப்படி ஒரு இடத்தில் மெலிந்திருந்தன, எல்லா நாட்டு ஆட்டக்காரர்களும் இணையத்தில் அதைப் பற்றிப் புலம்பியிருந்தார்கள், அடிமுறைக்காரிக்கு மூச்சு என்று ஒரு கணக்கு உண்டு, விசேஷமாக எது செய்தாலும் ஒரு மூச்சு செலவு, சண்டை சூடு பிடிப்பதற்குள் மூச்சு தீர்ந்துவிடும், அப்புறம் அவள் வெறும் ஆள், பக்கத்தில் நௌஃபலின் வாள்காரன் மம்மது ஒன்றுமே செலவழிக்காமல் அவளைவிட இரண்டு மடங்கு வெட்டிக்கொண்டிருப்பான். ஆளாளுக்கு அந்த வகையைத் தங்கள் வீட்டு மேசைக்கேற்பத் திருத்தி எழுதிப் போட்டிருந்தார்கள். அவளும் எழுதலாம் என்று தோன்றியது. தோன்றியதை யாரிடமும் சொல்லாமல் எழுதினாள்.

"அந்தச் சங்கிலி இருக்குதுல்லண்ணா," என்றான் நௌஃபல், "மதகைத் தூக்கற சங்கிலி. மம்மது அதைப் புடிச்சுத் தொங்கி ஒரு ஊஞ்சல் ஆடறான்." "சங்கிலி துருப்புடிச்சுக் கெடக்குது." "மம்மதுவும்தான் துருப்புடிச்சுக் கெடக்கறான், ரெண்டும் ரெண்டும் சரியாப் போச்சு." ஷர்மி சிரித்தாள். சாகப்போகிறவள் மாதிரியே இல்லை அவள், காலைத் தூக்கிப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு, வர்க்கித் தூளைச் சுண்டுவிரலால் ஒற்றி எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். பயமே இல்லை. ஏன் பயமில்லை என்று சிந்துஜாவுக்குத் தெரிந்தது. ஷர்மிக்கு அந்த விதி தெரியும். அந்த ஒரு விதியை மட்டும் அவள் படித்திருந்தாள். சிந்துஜா திருத்தியெழுதிய பக்கங்களை வாட்ஸப் குழுவில் அனுப்பிய அன்று ஒரு நிமிஷத்துக்குள் நௌஃபல் கட்டைவிரலைத் தூக்கியிருந்தான், கணபதி அண்ணா சூப்பர்மா ஞாயித்துக்கிழமை ஆடிப் பாத்தரலாம் சரிப்பட்டா அப்படியே வெச்சுக்கலாம் என்று போட்டிருந்தார், ஒரு நிமிஷத்தில் அதைப் படிக்க முடியாது என்பது அனுப்பியவளுக்குத் தெரியாதா, ஆனால் ஷர்மி மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "ஏய், குறுக்கே விழுதல்னு ஒண்ணு எழுதியிருக்கியே, அது எனக்காகவே எழுதுனதாடி," என்றாள். சிந்துஜா சிரித்தாள். போனில் சிரிப்பது எதிர்முனைக்கு ஒன்றுமில்லாத மாதிரிதான் கேட்கும், இருந்தாலும் சிரித்தாள்.

கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற யார்மேல் அடி விழுந்தாலும், அடிமுறைக்காரி மிச்சமிருக்கிற மூச்சு முழுவதையும் செலவழித்து, தன் முறையை விட்டுக்கொடுத்து, குறுக்கே விழுந்து அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்ளலாம். இதுதான் அது. எழுதும்போது அழகாக இருந்தது. இப்போது நாகு வேம்பிக்குப் பக்கத்திலேயே, மதகின் ஈரமான விளிம்பில் நிற்கிறாள், கைக்கெட்டும் தூரம்தான், நாகுவின் உயிரும் பாதிக்குக் கீழே போய்விட்டது, மதகுக்காவலனின் கை அவள்மேல் இறங்கினால் அவள் மிஞ்சமாட்டாள், வேம்பி மிஞ்சுவாள். இந்த மேசையில் செத்தவர் திரும்பி வருவதில்லை, அது கணபதி அண்ணா வைத்த சட்டம், புத்தகத்தில் அதற்கு ஆயிரம் வழி இருந்தாலும் இவர் விடமாட்டார். நாகு போனால் சிந்துஜா வேறு ஒரு ஆளை எழுதலாம். என்ன பெரிய விஷயம், ஒரு தாள், ஒரு பெயர். அவள் விரல் மேசையின் ஓரத்தில் கழற்றாமல் விட்டிருந்த தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டிருந்தது, தள்ளுவது, இழுப்பது, எதையும் பூட்டாத தாழ்ப்பாள். நான் குறுக்கே விழறேன் என்று சொன்னால் போதும். மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். சுலபமாக வந்தது. ரொம்பச் சுலபமாக வந்ததுதான் எங்கேயோ தட்டியது.

குறுக்கே விழுதல் எதற்குப் பதிலாக வந்தது என்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். நினைக்க வேண்டாம் என்றுதான் இருந்தாள், ஆனால் நௌஃபல் இன்னும் சங்கிலியிலேயே தொங்கிக்கொண்டிருந்தான். பழைய விதியில் வர்ம அடி இருந்தது. ஒரு மூச்சைச் செலவழித்து எதிரியின் வர்மத்தில் குத்தினால் அவன் அடுத்த முறைவரை அப்படியே மரத்துப்போய் நிற்பான். நாகுவிடம் இருந்ததிலேயே அவளுக்குப் பிடித்தது அதுதான். எவ்வளவு பெரிய பூதமாக இருக்கட்டும், எவ்வளவு கத்தட்டும், நாகு கிட்டேபோய் இரண்டு விரலை வைப்பாள், சத்தம் நின்றுவிடும். அந்த அமைதி வந்ததும் மேசையும் ஒரு கணம் அமைதியாகும். அந்தக் கணத்தில் எல்லாரும் அவளைப் பார்ப்பார்கள், பார்ப்பது அவளுக்குக் கூச்சமாக இருக்கும், கூச்சத்தோடு சேர்ந்து வேறு ஒன்றும் இருக்கும், அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது கணபதி அண்ணா, "உன்ற ஆளு வந்தா என்ற பூதமெல்லாம் செலையாயிருதும்மா, வாரம்பூரா உக்காந்து எழுதறேன்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவள் பேருந்தில் போகும்போது அதை நினைத்தாள், வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னும்போது நினைத்தாள், திங்கட்கிழமை நூலைக் கவ்வும்போது நினைத்தாள். வாரம் பூராவும் உட்கார்ந்து எழுதுகிறாராம். திருத்தி எழுத ஆரம்பித்தபோது முதலில் அழித்தது வர்ம அடியை. மூச்சைக் கூட்டினாள், ஒரு மூச்சுக்கு ஓர் அடி என்று அடிகளைக் கூட்டினாள், அது நியாயம், புலம்பல் அதற்குத்தானே. ஆனால் வர்மத்தைப் பற்றி உலகத்தில் ஒருத்தரும் புலம்பவில்லை. அந்த இடம் காலியாக இருந்தது, காலியான இடத்தில் எதையாவது வைக்க வேண்டும், கை தானாகவே வைத்தது குறுக்கே விழுதலை.

"இருபதுல பதினேழு," என்று நௌஃபல் பகடையைத் தூக்கிக் காட்டினான், "சங்கிலியாவது துருவாவது." மம்மது ஊஞ்சலாடிப் போய் மதகுக்காவலனின் முழங்காலில் இறங்கினான். ஆனால் அடி எவ்வளவு பட்டது என்பதற்கு இன்னும் பகடை உருட்ட வேண்டும், அதற்கு முன்னால் அவன் மம்மதுவின் குரலில் ஒரு வசனம் பேசுவான், பேசட்டும். பேசட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். யாரோ பேசிக்கொண்டிருக்கும்வரை தன்மேல் ஒன்றும் இறங்காது என்பது சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரிந்த கணக்கு. கல்லூரி விடுதியில் ஷர்மிதான் பேசினாள். வார்டனிடம் சண்டை போட்டு சன்னல் ஓரக் கட்டில் வாங்கிக் கொடுத்தது ஷர்மி. ஓட்டலில் சர்வர் வந்து நின்றால், இவளுக்கு ரவா தோசை என்று ஷர்மி சொல்லிவிடுவாள், அது சரியாகவும் இருக்கும், பல சமயம் ஷர்மி சொன்ன பிறகுதான் தனக்கு ரவா தோசை வேண்டியிருந்தது என்றே தெரியவரும். ஒரு தடவை பல்வலி. ராத்திரி முழுக்கக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை ஷர்மிதான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனாள், டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே, "இடதுபக்கம் கீழ டாக்டர், பாவம் இவ தூங்கவே இல்ல," என்றாள். வலது பக்கம். வலி வலது பக்கம் இருந்தது. ஷர்மி எதிரில் நின்று பார்த்ததால் அவளுக்கு இடதாகத் தெரிந்திருக்கும். டாக்டர் இடது பக்கத்துப் பல்லைக் கம்பியால் தட்டி, இதாம்மா என்றார், வாய்க்குள் கண்ணாடியும் கம்பியும் இருந்தன, சிந்துஜா ம் என்றாள். அந்தப் பல்லிலும் என்னவோ இருந்தது போலிருக்கிறது, அவர் குடைந்து அடைத்துவிட்டார். வலியோடு திரும்பி வந்தாள். இப்ப எப்படிடி இருக்கு என்று ஷர்மி ஆட்டோவில் கேட்டாள், அவள் முகத்தில் உண்மையான கவலை இருந்தது, பரவால்ல என்றாள். பிறகு ஒரு நாள் தனியாக வேறு ஒரு டாக்டரிடம் போய் வலது பக்கத்தைக் காட்டினாள். காட்டத்தான் செய்தாள், விரலால்.

இதில் ஷர்மியின் தப்பு என்ன என்று அவள் பலமுறை தேடியிருக்கிறாள். கிடைக்காது. தேடிப் போனால் ஆட்டோ பிடித்த ஷர்மி, வார்டனிடம் கத்திய ஷர்மி, அடுத்த வீட்டுக் கல்யாணத்தில்கூட அவளுக்குப் பந்தியில் இடம் பிடித்துவைத்த ஷர்மி, இப்படித்தான் வரிசையாக வந்து நிற்பார்கள். வேம்பியும் அப்படித்தான். முன்பொரு ஆட்டத்தில், சுனைக்காட்டுச் சண்டையில் நாகு விழுந்து கிடந்தபோது, தன் மருந்து முழுவதையும் அவள் வாயில் ஊற்றியது வேம்பி. அதை நினைத்ததும் சிந்துஜாவுக்கு ஒரு பக்கம் தீர்ந்துபோன மாதிரி இருந்தது, சரி, விழுந்துவிடலாம், விழ வேண்டியதுதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது. நான் குறுக்கே விழறேன். மறுபடி சுலபமாக வந்தது. எங்கே தட்டுகிறது என்று இந்தத் தடவை உற்றுப் பார்த்தாள், நூலை உற்றுப் பார்ப்பதுபோல. அப்போதுதான் அந்த எக்செல் தாள் ஞாபகம் வந்தது. புது விதிகள் சரியாக நிற்கின்றனவா என்று பார்க்க அவள் வேலைக்கூடத்தில் செய்கிற மாதிரியே செய்திருந்தாள், கணினியையே ஆயிரக்கணக்கான சண்டை போடவைத்து, நாகு எவ்வளவு அடித்தாள், மம்மது எவ்வளவு அடித்தான், யார் யார் மிஞ்சினார்கள் என்று சராசரி எடுத்திருந்தாள். அழகாக வந்தது சராசரி. ஒருவருக்கொருவர் கூடவும் இல்லை குறையவும் இல்லை. அந்தச் சண்டைகளில், பக்கத்தில் இருப்பவர்மேல் அடி விழும்போது நாகு என்ன செய்வாள் என்பதற்கு ஒரு கட்டம் உண்டு, அதில் ஆம் என்று எழுதினால் குறுக்கே விழுவாள், இல்லை என்று எழுதினால் தன் சண்டையைப் பார்ப்பாள். அவள் ஆம் என்று எழுதி, அதையே கடைசிச் சண்டைவரை இழுத்து நிரப்பியிருந்தாள். இல்லை என்று ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. மறந்துபோய்விடவில்லை. மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அப்படி ஒன்று உண்டு என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

வேலைக்கூடத்தில் இப்படிச் செய்திருந்தால் அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஒரே பக்கமாக இழுத்துப் பார்த்து நூல் நல்ல நூல் என்று எழுதியிருக்கிறாயே என்று கேட்டிருப்பார்கள். இந்த மேசையில் யாரும் கேட்கமாட்டார்கள், கட்டைவிரலைத் தூக்குவார்கள். மூச்சை அடியாக்கிவிட்டு விழாமல் நிற்கிற அடிமுறைக்காரி எப்படி இருப்பாள், அவள் வலுவா, சோகையா, எல்லாருடைய ஆட்டத்தையும் கெடுப்பாளா, ஒன்றும் தெரியாது. அந்த இடம் வெறுமையாக இருந்தது. வெறுமையைப் பார்க்கப் பயமாக இருந்தது, ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிற பயம், வேறு யாருக்கோ காய்ச்சல் என்று கேள்விப்படுகிற மாதிரி. காற்றாடி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை கிரீச்சிட்டது. புது மோட்டாரின் வார்னிஷ் வாசனை எங்கிருந்தோ வந்தது. கணபதி அண்ணா பென்சிலால் காதைக் குடைந்தார். நௌஃபலின் பகடை உருண்டு நின்றது.

"பதினொண்ணு டேமேஜ். முழங்கால் போச்சுண்ணா, எழுதிக்கோங்க, நொண்டிக் காவலன்." "முழங்கால் போகல, முட்டி விரிசல் உட்ருச்சு." "ஏன்ணா, ஒரு முட்டியக் குடுத்தா உங்க சொத்தா போயிரும்." "போடா," என்று கணபதி அண்ணா குறித்துக்கொண்டார், குறித்துவிட்டு நிமிர்ந்தார். "சிந்து, உன்ற முறை. வர்ம அடி அடிச்சுப் பாரு, அவனை நிறுத்துனா வேம்பி தப்பிச்சுக்குவா." அவர் முகத்தில் உதவி செய்கிற சந்தோஷம் இருந்தது. "அது இப்ப இல்லண்ணா," என்றாள் சிந்துஜா. "எது?" "வர்ம அடி. எடுத்துட்டேன். அனுப்புனதுல இருக்கு." கணபதி அண்ணா போனைத் தேடினார், பெட்டிக்கு அடியில் பார்த்தார், எடுத்து மேலும் கீழும் தள்ளினார். "அட ஆமா. ஏம்மா எடுத்தே, உன்ற ஆளுகிட்ட நல்லாருந்ததே அதுதான்?" "நீங்கதாண்ணா சொன்னீங்க. பூதமெல்லாம் செலையாயிருதுன்னு." அவர் நிஜமாகவே யோசித்தார். புருவம் சுருங்கியது, கண் கூரையைப் பார்த்தது. "நானா? எப்பச் சொன்னேன்?" என்றார். "சும்மா வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன் புள்ள. அதுக்குப் போயி எடுப்பாங்களா." பேருந்து, சோறு, திங்கட்கிழமை எல்லாம் அவளுக்குள் ஒரு கணம் எழுந்து நின்று, உட்கார இடமில்லாமல் நின்றன. "அப்ப இன்னைக்கு மட்டும் பழசையே வெச்சுக்கலாமேண்ணா," என்றான் நௌஃபல். "சண்டை நடுவுல விதி மாத்தறதில்லை, உனக்கு ஒரு நாயம் அவளுக்கு ஒரு நாயமா," என்றார் அவர்.

"எதுக்கு இத்தனை பேச்சு?" ஷர்மி காலைக் கீழே இறக்கினாள். "அவ குறுக்க விழுந்துருவாண்ணா. அதுக்குன்னு தனியா விதியே எழுதி வெச்சிருக்கா. நாகு குறுக்க விழறான்னு எழுதிக்கோங்க." கணபதி அண்ணா பென்சிலைத் தாளில் வைத்தார். பென்சில் முனை தாளைத் தொட்ட இடத்தைச் சிந்துஜா பார்த்துக்கொண்டிருந்தாள், அது நகர ஆரம்பித்தால் நகர்ந்துவிடும், ஆம் என்று இழுத்து நிரப்பிய கட்டங்கள் மாதிரி அடுத்தடுத்துப் போய்க்கொண்டே இருக்கும், யாரையும் கேட்காது, இதற்கு முன்னாலும் கேட்டதில்லை, ஷர்மி வாயைத் திறந்தாள், அது சரியாகவும் இருந்தது, எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது.

"இல்ல," என்றாள்.

சொன்னது தன் குரல்தானா என்று அவளே கேட்டுப் பார்த்தாள். கொஞ்சம் தடித்திருந்தது, காலையில் எழுந்ததும் வருகிற குரல். பென்சில் நின்றது. "விழல," என்றாள், "நாகு அடிக்கறா. மூச்சு முழுக்க அடியாப் போட்டுக்கறேன். அவன் சாஞ்சுட்டா கை எறங்காது." "சாயலன்னா?" என்றாள் ஷர்மி. "சாயலன்னா எறங்கும்." "நான் செத்துருவேன்டி." "தெரியும்." ஷர்மி சிரிக்கத் தொடங்கினாள், சிரிப்பு பாதி வந்த பிறகு மற்றவர்கள் சிரிக்கவில்லை என்று தெரிந்து நின்றது. "ஏய், வெளையாடறியா?" நௌஃபல் மெதுவாக, "வெளையாடத்தான வந்திருக்கோம்," என்றான், அவனுக்கே அது நன்றாக இல்லை போலிருக்கிறது, தலையைக் குனிந்துகொண்டான். கணபதி அண்ணா சிந்துஜாவைப் பார்த்தார். "முடிவா?" "ஆமாண்ணா."

முதல் அடி பட்டது. இரண்டாவது படவில்லை. பகடையை எடுப்பது, உருட்டுவது, எண்ணைச் சொல்வது, இவ்வளவுதான், இதில் பேச்சு எதுவும் தேவையில்லை, இதற்காகத்தான் இந்த ஆளை எடுத்தாள், ஆனால் இன்று ஒவ்வோர் எண்ணைச் சொல்லும்போதும் ஒரு வாக்கியத்தைச் சொல்வதுபோல இருந்தது. மூன்றாவது பட்டது, நான்காவதும் பட்டது. கணபதி அண்ணா தடுப்புக்குப் பின்னால் கழித்துக்கொண்டே வந்தார், அவர் உதடு அசைவதை வைத்து நௌஃபல் என்னவோ கணக்குப் போட்டான், "விழுந்துருவான் போலிருக்கு," என்றான். ஷர்மியும் முன்னால் சாய்ந்துவிட்டாள். அந்த ஒரு கணத்தில் அவர்கள் மூன்று பேரும் ஒரே பகடையைப் பார்த்தார்கள், ஷர்மியின் முழங்கை சிந்துஜாவின் முழங்கையை ஒட்டி இருந்தது, சூடாக இருந்தது, விழட்டும் என்று சிந்துஜா நினைத்தாள், இவளுக்காக விழட்டும். கடைசி அடி உருண்டு தாழ்ப்பாளில் முட்டி நின்றது. பட்டது. கணபதி அண்ணா கழித்தார், மறுபடி கழித்துச் சரிபார்த்தார், அவருக்கே அது விழ வேண்டும் என்று இருந்திருக்கும், தலையைக் குறுக்கே ஆட்டினார். "தள்ளாடறான். இன்னும் கொஞ்சூண்டு இருக்குது. நிக்கறான்."

கை இறங்கியது. அவர் தடுப்பை விலக்கி எல்லாரும் பார்க்கவே உருட்டினார், எண் தேவைக்கு மேலேயே இருந்தது. வேம்பி மதகிலிருந்து தண்ணீருக்குள் விழுந்ததை அவர் அதிகம் வர்ணிக்கவில்லை, விழுந்துட்டா என்று மட்டும் சொன்னார். ஷர்மி தன் தாளை எடுத்துப் பார்த்தாள், வேம்பியின் பெயர்மேல் கட்டைவிரலை ஒரு தடவை ஓட்டினாள். "நானா இருந்தா விழுந்திருப்பேன்," என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று சிந்துஜாவுக்குத் தெரியவில்லை. அது உண்மை என்று தெரிந்தது. "விழுந்திருப்பே," என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது, ஆனால் எதற்கு என்று சொல்லத் தெரியாமல் கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை. "வீட்டுக்குப் போறியா ஷர்மி?" என்று நௌஃபல் கேட்டான். "நான் எதுக்குப் போகணும். இருந்து பாக்கறேன்," என்றாள் ஷர்மி, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். அப்படி ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஷர்மியைச் சிந்துஜா இதற்கு முன் பார்த்ததில்லை.

ஆட்டம் தொடர்ந்தது. நௌஃபல் சட்டைக் கையை மடிக்கவில்லை, வசனம் பேசவில்லை, வெட்டறேன் என்றான், உருட்டினான், படவில்லை, விட்டுவிட்டான். மேசையில் ஒருத்தி குறைந்ததில் சுற்று சின்னதாகிவிட்டிருந்தது. "சிந்து," என்றார் கணபதி அண்ணா. அவள் நிமிர்ந்தாள். மதகுக்காவலன் தள்ளாடிக்கொண்டு நிற்கிறான், நாகுவிடம் மூச்சு இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. ஷர்மி உதட்டை இறுக்கி மூடியிருந்தாள், கண் மட்டும் அவள்மேல் இருந்தது. என்ன சொல்லப்போகிறோம் என்று சிந்துஜாவுக்குத் தெரியவில்லை, தெரியாமலே வாயைத் திறந்தாள்.